7 மெகாஹெர்ட்ஸில் ஒரு வாட்: டிரான்ஸ்மிட்டர் ரேடியோ அலையை எப்படி உருவாக்குகிறது, அதை எந்த வரிசையில் கட்டுவது

டிரான்ஸ்மிட்டர் என்றதும் பாடப்புத்தகத்தில் வரும் கட்டப்படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும்: ஆஸிலேட்டர், பஃபர், பவர் ஆம்பிளிஃபயர், ஃபில்டர், கடைசியில் ஆன்டெனா. சிக்னல் போகும் வழி அதுதான். ஆனால் கட்டும் வரிசையும் அதுவே என்று நினைத்து உட்காருகிறவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் இணைத்து, ஆன்டெனாவையும் மாட்டி, சுவிட்சைப் போட்ட பிறகு ஒன்றும் நடக்காவிட்டால், பழுது எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிக்க அவர்களிடம் எந்த வழியும் இருக்காது.

இங்கே 7.030 மெகாஹெர்ட்ஸில் சுமார் ஒரு வாட் தரும் மோர்ஸ் (தந்திக் குறியீட்டு) டிரான்ஸ்மிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நான்கு டிரான்சிஸ்டர்களும் மோர்ஸ் தட்டும் சாவிக்கு ஒரு சுவிட்ச் டிரான்சிஸ்டரும் போதும். திறனும் கருவிகளின் அளவும் மாறுமே தவிர, ஒலிபரப்பு நிலையத்தில் நடப்பதும் அடிப்படையில் இதுதான். அளக்கும் கருவியை முதலில் செய்யுங்கள், ஃபில்டரை பவர் ஆம்பிளிஃபயருக்கு முன்பே முடியுங்கள், ஆன்டெனாவைக் கடைசி வரை தொடாதீர்கள். இந்த வரிசைக்கான காரணத்தை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன்

உரிமம் முதலில். இந்தியாவில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வு நடத்தி அமெச்சூர் ரேடியோ உரிமம் தருகிறது. இலங்கையில் அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வேலை. ஒரு வாட்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் ஒரு வாட்டிலேயே பல நூறு கிலோமீட்டர் போகும். உரிமம் கையில் வந்த பிறகும், அதில் எந்த அலைவரிசைகள், எந்த வகை அனுப்புதல் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன என்று படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

7.030 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் குறைந்த திறனில் மோர்ஸ் அனுப்புகிறவர்கள் கூடும் இடம் அது. அதற்கான கிரிஸ்டல் (அலைவரிசையை நிர்ணயிக்கும் குவார்ட்ஸ் துண்டு) சுலபமாகக் கிடைக்கும். இந்த அலைவரிசையில் சாதாரண டிரான்சிஸ்டர்களே நன்றாக வேலை செய்யும், வயர் ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிட்டால் எல்லாம் கெட்டுப்போவதும் இல்லை. முதல் டிரான்ஸ்மிட்டரையே 100 மெகாஹெர்ட்ஸில் கட்ட முயல்கிறவர்கள் வீணாகக் கஷ்டப்படுகிறார்கள்.

பொருள்களில் பெரும்பகுதி சென்னை ரிச்சி தெரு போன்ற எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியிலும் கிடைக்கும். சுருள் சுற்றும் டொராய்டு வளையங்களை மட்டும் பெரும்பாலும் இணையத்தில் வாங்க வேண்டியிருக்கும். ஃபில்டருக்கு மஞ்சள் நிற டி37-6 (T37-6) வளையம் மூன்று, சோக்குக்கும் (டிசியை விட்டு ரேடியோ அலைவரிசையைத் தடுக்கும் சுருள்) டிரான்ஸ்ஃபார்மருக்கும் எஃப்டி37-43 (FT37-43) ஃபெரைட் வளையம் இரண்டு. இரண்டும் அளவில் ஒன்றுபோல இருக்கும், வேலை வேறு. மாற்றிச் சுற்றினால் ஃபில்டர் சிக்னலைத் தடுத்துவிடும். வளையத்துக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்த முடியாது என்பதில்லை: ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவியின் தொடக்க வடிவத்தில் தண்ணீர்க் குழாய் வாஷரில்தான் சுருள் சுற்றினார்கள். ஆனால் அப்போது சுற்றுகளின் எண்ணிக்கையை நீங்களே கணக்கிட வேண்டும்.

வாங்கும்போது இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒன்று, கெப்பாசிட்டரில் இருக்கும் எண். 151 என்றால் 150 பிகோஃபாரட். 150 என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் 15 பிகோஃபாரட். இரண்டு, பிளாஸ்டிக் உடலில் வரும் 2222 டிரான்சிஸ்டர்கள். பிஎன்2222ஏ, பி2என்2222ஏ என்று இரண்டு வகை உண்டு. இரண்டிலும் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறியிருக்கும். ஒரே டப்பாவில் இரண்டும் கலந்து விற்கப்படுவதால், பலகையில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் சோதித்துவிடுங்கள்.

2. டம்மி லோடும் அளக்கும் புரோபும்

ஒரு டிரான்சிஸ்டரையும் தொடும் முன் டம்மி லோடைக் கட்டுங்கள். ஆன்டெனாவுக்குப் பதிலாக டிரான்ஸ்மிட்டரின் திறனை வாங்கி வெப்பமாக மாற்றும் 50 ஓம் ரெசிஸ்டர்தான் அது. அரை வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர், 1 கிலோஓம் மதிப்பில் இருபது எடுத்துப் பக்க இணைப்பில் சேர்த்தால் 50 ஓம் கிடைக்கும். பத்து வாட் வரை தாங்கும். கால்களைக் குட்டையாக வெட்டி, இரண்டு சிறிய செப்புத் தகடுகளுக்கு நடுவே நிறுத்திப் பற்றவையுங்கள்.

பீங்கான் உடலில் வரும் பெரிய ஒயர்வவுண்டு ரெசிஸ்டரை வைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது கம்பிச்சுருள். மல்டிமீட்டரில் 50 ஓம் காட்டினாலும் 7 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை வேறாக இருக்கும்.

அடுத்தது அளவீடு. மல்டிமீட்டரின் ஏசி வோல்ட் அளவு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கானது. 7 மெகாஹெர்ட்ஸில் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. அதனால் ரேடியோ அலைவரிசை மின்னழுத்தத்தை டிசியாக மாற்றி அளக்கிறோம். டம்மி லோடின் தரையோடு சேராத முனையிலிருந்து ஒரு 1என்4148 டயோடு, அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு (சர்க்யூட்டின் பொது எதிர்முனை) 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டரின் இரு முனைகளில் டிசி வோல்ட்மீட்டர். அலையின் உச்ச மின்னழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாக மீட்டர் காட்டும்.

கணக்கு எளிது. மீட்டர் காட்டும் எண்ணோடு டயோடில் இழக்கும் 0.6 வோல்ட்டைச் சேர்த்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 100 ஆல் வகுத்தால் வாட் கணக்கு வந்துவிடும். 9.4 காட்டினால் 10 வோல்ட் உச்சம், ஆகவே 1 வாட்.

இந்த டயோடு நேரடியாக இணைந்திருப்பதால் டிசி இல்லாத இடத்தில் மட்டுமே இதை நம்பலாம். ஆஸிலேட்டரின் எமிட்டரில் வைத்தால் அங்கே ஏற்கெனவே இருக்கும் டிசியையும் காட்டிவிடும். ஓடாத ஆஸிலேட்டரை ஓடுகிறது என்று நம்பிப் பலர் ஏமாறுவது இப்படித்தான். அதனால் இன்னொரு புரோப் செய்துகொள்ளுங்கள்: முனையில் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், அதன் பின்னால் தரையிலிருந்து மேலே வரும் ஒரு டயோடு, அங்கிருந்து முன்னோக்கி இன்னொரு டயோடு, முடிவில் தரைக்கு 10 நானோஃபாரட். முதல் கெப்பாசிட்டர் டிசியைத் தடுத்துவிடும்.

3. மின்சாரமும் தரையும்

யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இதற்கு மிகப் பொருத்தம். லேப்டாப் சார்ஜர் போன்றவை உள்ளே சுவிட்சிங் செய்து இயங்குவதால் அந்த இரைச்சல் சிக்னலில் ஏறும். பேட்டரியின் நேர்முனையில் ஒரு ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். லெட் ஆசிட் பேட்டரி ஷார்ட் ஆனால் வயரே பழுத்துவிடும்.

பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் துளைகளில் செருகும் பலகை) கட்டாதீர்கள். ஆஸிலேட்டர் அதில் ஓடிவிடும், அதை நம்பி ஏமாறாதீர்கள். அடுத்த கட்டங்களைச் சேர்க்கும்போது பக்கத்துப் பக்கத்துத் துளை வரிசைகளுக்கு நடுவே இருக்கும் சில பிகோஃபாரட்களும் நீண்ட வயர்களும் சேர்ந்து வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பிக்கொண்டுவந்துவிடும். துளையிடாத செப்புப் பலகையை எடுத்து, செப்புப் பக்கம் முழுவதையும் தரையாக வைத்து, தரைக்குப் போகும் கால்களை நேரடியாக அதில் பற்றவையுங்கள். மற்ற இணைப்புகளுக்குச் சிறு செப்புத் துண்டுகளை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். கட்டங்கள் இடமிருந்து வலமாக ஒரே நேர்க்கோட்டில் போகட்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் மின்சாரம் நுழையும் இடத்தில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று தரைக்கு வேண்டும். அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் 47 ஓம் ரெசிஸ்டரோ சிறு சோக்கோ வேண்டும். எல்லாக் கட்டங்களையும் இணைக்கும் ஒரே வயர் மின்சார வயர்தான், அந்த வழியாகவே சிக்னல் பின்னோக்கி வரும். இதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் பவர் ஆம்பிளிஃபயர் கட்டத்தில் தவிக்கிறார்கள்.

4. ஆஸிலேட்டர்: அதிர்வு தொடங்கும் இடம்

இப்போதுதான் முதல் டிரான்சிஸ்டர். 2222 ஒன்றின் பேஸுக்கு 47 கிலோஓம் இரண்டை வைத்து, 9 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து பாதி மின்னழுத்தம் கொடுங்கள். எமிட்டரில் தரைக்கு 2.2 கிலோஓம். கலெக்டர் நேராக 9 வோல்ட்டுக்கு. பேஸிலிருந்து எமிட்டருக்கு 150 பிகோஃபாரட், எமிட்டரிலிருந்து தரைக்கு இன்னொரு 150 பிகோஃபாரட். பேஸிலிருந்து தரைக்குக் கிரிஸ்டல், அதனோடு தொடராக 5 முதல் 60 பிகோஃபாரட் வரை திருகி மாற்றும் டிரிம்மர் கெப்பாசிட்டர்.

கிரிஸ்டலை இப்போதைக்கு மாட்ட வேண்டாம். எமிட்டரில் டிசி சுமார் 3.5 முதல் 4 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். டிசி சரியில்லாத டிரான்சிஸ்டரிடம் அதிர்வை எதிர்பார்ப்பதில் பயனில்லை.

சரி, மின்சாரம் கொடுத்தவுடன் 7.030 மெகாஹெர்ட்ஸ் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து யாரும் அந்த அதிர்வைக் கொடுக்கவில்லையே. சர்க்யூட்டுக்குள் எப்போதும் மிகச் சிறிய இரைச்சல் இருக்கும், அதில் எல்லா அலைவரிசைகளும் கலந்திருக்கும். டிரான்சிஸ்டர் அதைப் பெருக்குகிறது. இரண்டு 150 பிகோஃபாரட்களும் வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்புகின்றன. கிரிஸ்டல் என்பது குவார்ட்ஸ் துண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் உடல் நெளியும், நெளிந்தால் மின்னழுத்தம் தரும். அதன் கனத்துக்கும் வெட்டுக்கும் ஏற்ற ஒரு வேகத்தில்தான் அது விரும்பி அதிரும். இரைச்சலில் அந்த அலைவரிசையை மட்டும் சரியான தருணத்தில் திருப்பி அனுப்புகிறது. ஊஞ்சலை அது திரும்பும் நொடியில் தள்ளினால் வீச்சு ஏறுவதுபோல, சுற்றுக்குச் சுற்று அது மட்டும் வளர்கிறது. டிரான்சிஸ்டரால் அதற்கு மேல் பெருக்க முடியாத நிலை வந்ததும் வீச்சு நிலைத்துவிடும்.

கிரிஸ்டலை மாட்டி, இரண்டாவது புரோபால் எமிட்டரைப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்லது. உடனே கிரிஸ்டலைக் கழற்றுங்கள். அளவு பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விழாவிட்டால் ஓடிக்கொண்டிருப்பது கிரிஸ்டல் இல்லை. நீண்ட வயரோ தவறான கெப்பாசிட்டரோ வேறு ஏதோ அலைவரிசையில் அதிர்கிறது. இந்தச் சோதனையைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள்.

ரேடியோவில் கேட்டுப் பார்க்கிறவர்கள் இங்கே ஒரு குழப்பத்தைச் சந்திப்பார்கள். சாதாரண ஷார்ட்வேவ் ரேடியோவை 7.030-க்குத் திருப்பினால் எந்த ஒலியும் கேட்காது, இரைச்சல் மட்டும் அடங்கும். டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குரலோ இசையோ ஏற்றாத அலைக்கு அந்த ரேடியோவில் ஒலி கிடையாது. எஸ்எஸ்பி அல்லது மோர்ஸ் வசதி இருக்கும் ரிசீவர், அல்லது ஷார்ட்வேவ் பிடிக்கும் யூஎஸ்பி எஸ்டிஆர் கருவி (கணினியில் செருகும் ரிசீவர்) இருந்தால் தெளிவான ஒற்றை விசில் கேட்கும்.

அலைவரிசை சில நூறு ஹெர்ட்ஸ், ஏன் ஓரிரு கிலோஹெர்ட்ஸ் கூடத் தள்ளி இருக்கலாம். கிரிஸ்டல் பார்க்கும் மொத்தக் கெப்பாசிட்டன்ஸைப் பொறுத்து அது மாறும். டிரிம்மரை வைத்தது அதற்காகத்தான்.

5. பஃபரும் டிரைவரும்

ஆஸிலேட்டரிலிருந்து நேராகத் திறனை எடுத்தால் என்ன ஆகும்? சுமை மாறும்போதெல்லாம் அதன் அலைவரிசையும் மாறும். மோர்ஸ் சாவியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒலி வழுக்கிக்கொண்டு ஏறும் அல்லது இறங்கும். குருவி கீச்சிடுவது மாதிரி இருக்கும் என்பதால் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இதைச் சிர்ப் என்பார்கள்.

அதனால் நடுவில் பஃபராக எமிட்டர் ஃபாலோயர் ஒன்று. ஆஸிலேட்டரின் எமிட்டரிலிருந்து 47 பிகோஃபாரட் வழியாக மட்டும் சிறிதளவு எடுங்கள். அதிகம் வேண்டும் என்று 1 நானோஃபாரட் வைத்தால் ஆஸிலேட்டரே நின்றுவிடக்கூடும்.

அடுத்து டிரைவர்: இன்னொரு 2222, 25 முதல் 30 மில்லிஆம்பியர் எப்போதும் ஓடும்படி. கலெக்டரில் எஃப்டி37-43 வளையத்தில் இரட்டை வயரைப் பத்துச் சுற்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். இதை இப்போதைக்குக் கால் வாட் 47 ஓம் ரெசிஸ்டரில் முடித்துப் பார்த்தால் பத்துக்கணக்கான மில்லிவாட் வர வேண்டும். டிரைவர் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அது சரி. விரல் வைக்க முடியாத சூடு என்றால் எமிட்டர் ரெசிஸ்டரைச் சரிபாருங்கள்.

6. ஃபில்டர், பவர் ஆம்பிளிஃபயருக்கு முன்பே

புதியவர்கள் ஃபில்டரைக் கடைசியில் வைக்கிறார்கள், சிலர் விட்டே விடுகிறார்கள். திறன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். ஃபில்டர் இல்லாமல் வந்த திறனை அளக்கவே முடியாது என்பதுதான் சிக்கல்.

பவர் ஆம்பிளிஃபயர் அலையின் முழு வடிவத்தையும் பெருக்காது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குறுகிய நேரம் மட்டும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும். வெளியே வருவது வழுவழுப்பான அலை இல்லை, துடிப்புகள். அப்படிப்பட்ட துடிப்பில் 7.03 மட்டும் இருக்காது. அதன் இரண்டு மடங்கு 14.06, மூன்று மடங்கு 21.09, நான்கு மடங்கு 28.12 என்று எல்லாம் இருக்கும். இவை ஆன்டெனாவுக்குப் போனால் வேறு அலைவரிசைகளில் பேசுகிறவர்களின் தொடர்பைக் கெடுக்கும். புரோபும் எல்லாவற்றின் கலவையையும் உச்சமாகக் காட்டி ஏமாற்றும்.

லோ-பாஸ் ஃபில்டருக்கு (குறைந்த அலைவரிசைகளை மட்டும் விடுவது) இந்த மதிப்புகள் நன்கு சோதிக்கப்பட்டவை. உள்ளே நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் தரைக்கு 270 பிகோஃபாரட், நடுவில் இரண்டு இடங்களில் தரைக்கு 680 பிகோஃபாரட். இவற்றை இணைக்கும் மூன்று சுருள்கள் டி37-6 வளையத்தில்: முதலாவதும் மூன்றாவதும் 21 சுற்று, நடுவில் இருப்பது 24 சுற்று. கெப்பாசிட்டர்கள் சி0ஜி அல்லது என்பி0 வகையாக இருக்க வேண்டும். மலிவான பழுப்பு டிஸ்க் வகை சூடாகி மதிப்பை மாற்றிக்கொள்ளும்.

சுற்றுகளை எண்ணும் முறையில் பெரும்பாலான தவறு நடக்கிறது. வயர் வளையத்தின் துளைக்குள் எத்தனை முறை நுழைகிறதோ அத்தனை சுற்று. வெளிப்பக்கம் எண்ணினால் ஒன்று குறையும். ஒவ்வொரு சுருளுக்கும் 28 கேஜ் எனாமல் வயர் சுமார் 40 சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டால் போதும். சுற்றை வளையத்தின் முக்கால்வாசிக்கு மேல் சீராகப் பரப்புங்கள். முனைகளில் எனாமலைச் சுரண்டி, ஈயம் பளபளவென்று ஒட்டும்வரை விடாதீர்கள். பற்றவைத்த பின் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்க்க வேண்டும். பார்வைக்கு நன்றாகப் பற்றியதுபோல் இருக்கும், உள்ளே எனாமல் தடுத்துக்கொண்டிருக்கும்.

நானோவிஎன்ஏ (ஃபில்டரையும் ஆன்டெனாவையும் அளக்கும் சிறு கருவி) கையில் இருந்தால் ஃபில்டரை மட்டும் தனியாக அளந்துவிடுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு மிகக் குறைவாகவும் 14-க்கு மேல் செங்குத்தாக இறங்கியும் இருக்க வேண்டும்.

7. பவர் ஆம்பிளிஃபயர்

இந்தக் கட்டத்துக்குப் பிடி139 (BD139) டிரான்சிஸ்டர். நம் கடைகளில் எங்கும் கிடைக்கும், விலை குறைவு, 80 வோல்ட் தாங்கும். எழுத்து உங்களைப் பார்த்து இருக்கும்போது இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். முதுகில் இருக்கும் உலோகம் கலெக்டரோடு இணைந்தது. ஹீட்சிங்கில் திருகும்போது மைக்கா தாளும் பிளாஸ்டிக் வாஷரும் வேண்டும். இல்லாவிட்டால் ஹீட்சிங்க் தரையைத் தொட்ட நொடியில் ஃபியூஸ் போய்விடும்.

பேஸிலிருந்து தரைக்கு 33 ஓம், வேறு பயாஸ் (பேஸுக்குத் தரும் நிலையான டிசி) எதுவும் கிடையாது. எமிட்டர் நேராகத் தரைக்கு. கலெக்டருக்கு 12 வோல்ட், எஃப்டி37-43 வளையத்தில் பத்துச் சுற்று சோக் வழியாக. அங்கிருந்து 100 நானோஃபாரட் வழியாக ஃபில்டருக்கு. கலெக்டரிலிருந்து தரைக்கு 47 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்று. ஆன்டெனா கழன்றுவிட்டால் ஏறும் மின்னழுத்தத்திலிருந்து அது டிரான்சிஸ்டரைக் காப்பாற்றும்.

ஏன் ஒரு வாட்? இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. டிரான்சிஸ்டர் எவ்வளவு திறன் தரும் என்பதை அது பார்க்கும் சுமைதான் தீர்மானிக்கிறது. மின்னழுத்தத்தைத் தன்னாலேயே பெருக்கி, சுமையின் இரண்டு மடங்கால் வகுத்தால் திறன். 12 வோல்ட்டில் டிரான்சிஸ்டருக்குள் ஒரு வோல்ட் போனது போக 11. 121-ஐ 100 ஆல் வகுத்தால் 1.2 வாட். அதாவது 12 வோல்ட் பேட்டரியும் 50 ஓம் சுமையும் சேர்ந்தால் இயல்பாகவே 1.2 வாட் வரும். நடுவில் தடையை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் தேவையில்லை. ஐந்து வாட் வேண்டும் என்றால் சுமையைச் சுமார் 12 ஓமாகக் காட்ட வேண்டும், அது அடுத்த டிரான்ஸ்மிட்டருக்கான வேலை.

இயக்கும் முறை இது. டம்மி லோடு ஃபில்டருக்குப் பின்னால் இணைந்திருக்க வேண்டும். முதலில் டிரைவரை இணைக்காமல் மின்சாரம் கொடுங்கள். பிடி139 மின்னோட்டமே எடுக்கக் கூடாது, ஏனென்றால் அதன் பேஸில் எதுவும் இல்லை. எடுத்தால் தவறான கால் இணைப்பு, அல்லது அது தானாகவே அதிர்கிறது. அப்புறம் டிரைவரை இணைத்து, பவர் கட்டத்துக்கு மட்டும் 6 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். மீட்டரில் சீரான அளவு வந்தால் 12-க்கு ஏற்றலாம்.

12 வோல்ட்டில் 150 முதல் 200 மில்லிஆம்பியர் ஓடி, டம்மி லோடு மீட்டரில் 10 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் எல்லாம் சரி. மின்னோட்டம் அதிகம், திறன் குறைவு என்றால் முதலில் ஃபில்டர் சுருள்களின் சுற்றை எண்ணுங்கள். அடுத்து பிடி139-ஐ வேறு நிறுவனத்துடையதாக மாற்றிப் பாருங்கள். ஒரே எண்ணில் வரும் எல்லாமே இந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. இரண்டுமே குறைவு என்றால் டிரைவர் போதவில்லை.

8. மோர்ஸ் சாவி

சாவியை டிரைவரின் மின்சாரத்தில் வையுங்கள், ஆஸிலேட்டரில் வேண்டாம். ஆஸிலேட்டர் தொடர்ந்து ஓடினால்தான் அலைவரிசை நிலையாக இருக்கும். டிரைவர் நின்றால் பவர் ஆம்பிளிஃபயர் தானே நின்றுவிடும். கேட்கும் நேரத்தில் மட்டும் ஆஸிலேட்டரை ஒரு சுவிட்சால் அணைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் உங்கள் ரிசீவரில் உங்கள் விசிலே கேட்டுக்கொண்டிருக்கும்.

சாவி நேராக மின்சாரத்தை வெட்டக் கூடாது. ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரைச் சுவிட்சாக வைத்து, அதன் பேஸில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்த்து, சுமார் 5 மில்லிசெகண்டில் மெதுவாக ஏறி இறங்கும்படி செய்யுங்கள். சட்டென்று வெட்டப்பட்ட அலை தன் அலைவரிசையில் மட்டும் நிற்காது, இருபுறமும் சிதறி டக் டக் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்.

குரல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரில் முக்கியமாக மாறுவது, அலையில் செய்தியை ஏற்றும் இந்த முறைதான். ஏஎம்மில் அலையின் வீச்சைக் குரலுக்கேற்ப ஏற்றி இறக்குகிறார்கள். எஃப்எம்மில் ஆஸிலேட்டரின் அலைவரிசையை இழுத்து விடுகிறார்கள்.

9. ஆன்டெனா: அலை இங்கேதான் பிறக்கிறது

இதுவரை கட்டிய எதுவும் ரேடியோ அலையை வெளியே அனுப்பவில்லை. ஒரு நொடிக்கு 70 லட்சத்து 30 ஆயிரம் முறை முன்னும் பின்னும் போய்வரும் மின்னோட்டத்தை மட்டும் உருவாக்கியிருக்கிறோம். அது அலையாக மாற நீளமான வயர் வேண்டும். ஏன் நீளம்?

சீராக ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை வைத்திருக்கும், அதிலிருந்து எதுவும் விலகிப் போகாது. மின்னூட்டம் வேகம் மாறும்போதுதான், அதாவது தள்ளப்பட்டு, நின்று, திரும்பும்போதுதான், புலத்தில் ஏற்படும் மாற்றம் ஒளியின் வேகத்தில் வெளியே கிளம்புகிறது. எலக்ட்ரான்கள் வயரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே மிக நுண்ணிய தூரம் முன்னும் பின்னும் அசைகின்றன. அவற்றின் தள்ளல்தான் வயர் நெடுகப் போகிறது.

டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குள் ஒரு வயரில் மின்னோட்டம் போனால் பக்கத்திலேயே திரும்பும் மின்னோட்டம் இருக்கிறது. இரண்டின் விளைவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஐந்து சென்டிமீட்டர் வயரைக் கடக்க நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. புலம் எழுந்து அப்படியே திரும்ப வந்துவிடும். ஆனால் 20 மீட்டர் வயரைக் கடக்கச் சுமார் 68 நானோசெகண்டு ஆகிறது. நம் அலையின் முழுச் சுற்றுக்கு 142 நானோசெகண்டு. தள்ளல் முனையைத் தொட்டுத் திரும்புவதற்குள் அடுத்த தள்ளல் எதிர்த்திசையில் கிளம்பிவிடுகிறது. போனதும் திரும்பியதும் ஒத்திசைந்து வயரின் நடுவில் மின்னோட்டம் பெருகுகிறது. எதிர்த்து அழிக்க அருகில் வேறு வயரும் இல்லை. புலத்தின் ஒரு பகுதியால் வயருக்குத் திரும்ப முடிவதில்லை. அதுதான் ரேடியோ அலை.

அலை இப்படி வயரை விட்டுப் போவது டிரான்ஸ்மிட்டருக்கு எப்படித் தெரிகிறது என்றால், வெறும் ரெசிஸ்டராகத்தான். டம்மி லோடில் திறன் வெப்பமாகப் போனது, இங்கே அலையாகப் போகிறது. அரை அலை நீள வயரை நடுவில் பிரித்துச் செய்யும் டைபோல் ஆன்டெனா, உயரத்தைப் பொறுத்து 50 முதல் 80 ஓம் வரை காட்டும். அதனால்தான் தொடக்கம் முதல் 50 ஓமையே பிடித்துக்கொண்டு வந்தோம்.

143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில்: 20.3 மீட்டர், ஒவ்வொரு பக்கமும் 10.17. வெட்டும்போது பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள். நீளத்தைக் குறைப்பது எளிது, கூட்டுவது சிரமம். மாடியில் ஒரு கம்பம் நட்டு நடுவை உயர்த்தி, இரு பக்கங்களையும் சாய்வாக இறக்கிக் கட்டினால் இடமும் மிச்சம், தடையும் 50 ஓமுக்கு அருகில் வரும்.

மின்கம்பிகளுக்கு மேலேயோ கீழேயோ, அறுந்தால் அவற்றைத் தொடும் தூரத்திலோ ஆன்டெனாவைக் கட்டவே கூடாது. இந்த ஒரு விதியில் விதிவிலக்கே இல்லை. இடி மழைக்கு முன் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். அனுப்பும்போது டைபோலின் முனைகளில்தான் மின்னழுத்தம் அதிகம். கை எட்டும் உயரத்தில் அவை இருக்கக் கூடாது.

டைபோலின் நடுவில் சேரும் இடத்தில் கோஆக்ஸ் கேபிளையே எட்டுப் பத்துச் சுற்று சுற்றிக் கட்டுங்கள். கேபிளின் வெளி உறையிலும் மின்னோட்டம் இறங்கி, அதுவும் ஆன்டெனாவாக மாறுவதை இது குறைக்கும். நானோவிஎன்ஏவில் ஒத்திசைவு எங்கே இருக்கிறது என்று பார்த்து, 7.030-க்குக் கீழே இருந்தால் இரு பக்கமும் சமமாகக் குறையுங்கள். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் குறைத்தால் ஒத்திசைவு சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். வெட்டுவதற்குப் பதில் மடித்துக் கட்டிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

10. முதல் அழைப்பு

டம்மி லோடைக் கழற்றி ஆன்டெனாவை மாட்டுங்கள். பேட்டரி மின்னோட்டம் டம்மி லோடில் பார்த்ததற்கு அருகிலேயே இருக்க வேண்டும். மிகவும் மாறினால் உடனே நிறுத்திவிட்டு ஆன்டெனாவைத் திரும்ப அளக்க வேண்டும்.

அனுப்பும் முன் அலைவரிசையில் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு பொது அழைப்பை உங்கள் அழைப்புக்குறியோடு சீரான வேகத்தில் இரண்டு மூன்று முறை அனுப்புங்கள். ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்ற அமைப்பில் உலகின் பல இடங்களில் தானியங்கி ரிசீவர்கள் மோர்ஸைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. பொது அழைப்போடு அழைப்புக்குறி தெளிவாகக் கேட்டால் எந்த ஊரில், எந்த அலைவரிசையில், இரைச்சலுக்கு மேல் எத்தனை டெசிபல் என்று இணையதளத்தில் காட்டிவிடும். பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்திலும் உங்கள் அலை எங்கே போய்ச் சேர்ந்தது என்று இதில் பார்க்கலாம்.

நடுப்பகலில் முயன்று எதுவும் வராவிட்டால் கருவியைப் பிரிக்காதீர்கள். பகலில் அயனி மண்டலத்தின் அடி அடுக்கு இந்த அலைவரிசையை ஓரளவு விழுங்கும். சூரியன் மறைந்த பிறகு திரும்ப அழையுங்கள். அப்போதும் வராவிட்டால் டம்மி லோடில் திறனை ஒருமுறை அளந்துவிட்டு, மோர்ஸில் எழுத்துகளுக்கு நடுவே போதிய இடைவெளி விடுகிறீர்களா என்று பாருங்கள். தானியங்கி ரிசீவர் ஒட்டிப்போன எழுத்துகளைப் படிக்காது. அறிக்கை வந்து, அதில் அலைவரிசை 7.030-இலிருந்து தள்ளி இருந்தால் டிரிம்மரைப் பிளாஸ்டிக் திருப்புளியால் சற்றே திருப்பி அடுத்த அழைப்பை அனுப்புங்கள். உலோகத் திருப்புளி தொட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு அலைவரிசையும் எடுத்தபின் வேறொன்றும் வரும்.